சுவர் நகரவில்லை என்றவரைத் தேடி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு வைரச் சுரங்கத்தில், பாறைச் சரிவு நிற்குமா விழுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சுரங்கம் என்றதும் இருட்டையும் விளக்குத் தொப்பியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வானம் பார்த்த குழி. கீழே போகப் போகப் புனல் மாதிரி குறுகும். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர், அடியில் லாரிகளும் மனிதர்களும். சுவர் இறங்கினால் கீழே இருப்பவர்களுக்கு ஓட நேரம் கிடைக்காது. அதனால் நான் பாறையை நம்புவதில்லை. பாறையைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அவரையும் நம்புவதில்லை. இருபது வருடத்தில் இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள்.

அக்கா மகன் கல்யாணத்துக்காக விடுப்பில் கோவில்பட்டி வந்திருந்தேன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில் சுரங்க மேலாளர் கூப்பிட்டார். குழியின் கடைசி அடுக்கை வெட்டப் போகிறார்கள். மேற்குச் சுவர் உறுதியாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். "பதினான்கு மாத அளவு கையில் இருக்கிறது. சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. இன்னும் என்ன யோசனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதுதான் யோசனை. சுவரில் ஆங்காங்கே உள்ளங்கை அகலக் கண்ணாடிகளைப் பதித்திருப்போம். குழிக்கு எதிர்ப்பக்கம் ஒரு கருவியை நிறுத்தி, அந்தக் கண்ணாடிகளுக்கு ஒளியைப் பாய்ச்சித் தூரத்தை அளப்போம். தூரம் குறைந்தால் சுவர் நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். ஆனால் எந்தச் சுவரும் சும்மா இருக்காது. வெயிலில் ஒரு மயிரிழை விரியும், மழையில் ஊறும், ஏதாவது செய்யும். இந்த அளவுகளோ இஸ்திரி போட்டது போல் இருந்தன. அத்தனையையும் எடுத்தவர் ஏழுமலை என்ற ஒரே சர்வேயர். நெய்வேலிக்காரர், ஒரு ஏஜென்சி மூலம் காண்ட்ராக்டில் வந்தவர், மூன்று வாரம் முன்பு ஊர் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. கேபினில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எண்களை எழுதித் தள்ளியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. அவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்து வைக்கப்பட்ட நம்பரைப் போல என் சந்தேகத்துக்குத் தீனி வேறு கிடையாது.

இதில் ஒரு அவசரமும் இருந்தது. அளவுகள் சுத்தமாக இருக்கின்றனவே என்று ஒன்பது பேர் கொண்ட துளை போடும் குழுவை மேலாளர் ஏற்கெனவே கீழே இறக்கியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். ஏழுமலை பொய் எழுதியிருந்தால், அந்த ஒன்பது பேரும் யாருமே பார்க்காத சுவருக்கு அடியில் நிற்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கடலூரில் வடலூர் பஸ் ஏறினேன். குள்ளஞ்சாவடி வந்ததும் வண்டி இருமியது, பிறகு நின்றேவிட்டது. "ஒரு பத்து நிமிஷந்தாங்க" என்றார் கண்டக்டர். அவர் அதைச் சொல்லிக்கொண்டே தன் பையைத் தோளில் மாட்டி டீக்கடைப் பக்கம் நடந்ததைக் கவனித்தேன். பத்து நிமிஷத்தில் கிளம்பும் வண்டியின் கண்டக்டர் பையை எடுத்துக்கொண்டு போக மாட்டார். என் கணிப்பு சரி. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

சாலையோரம் பலாப்பழங்களைக் குவித்து வைத்து ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தார். பொழுது போக வேண்டுமே என்று ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தேன். பிறகு காதை வைத்துக் கேட்டேன். பாறையை அப்படித்தான் பார்ப்போம். உள்ளே பிளவு இருந்தால் சத்தம் மாறும்.

"என்னா சார், டாக்டர் மாரி வச்சி பாத்துகினு இருக்கீங்க" என்றார் அந்தப் பெண். "உள்ள சொளதான் இருக்கும். வேற ஒண்ணும் இருக்காது."

அறுத்தே வைத்திருந்த சுளைகளில் ஒரு பொட்டலம் வாங்கினேன். தேனில் ஊற வைத்த மாதிரி இனித்தது. சர்க்கரைத் தண்ணீர் தெளித்திருப்பாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் யோசித்தேன்.

"எங்க போறீங்க?"

"நெய்வேலி. ஏழுமலைன்னு ஒருத்தரைப் பார்க்கணும். மைன்ஸ்ல சர்வே வேலை பார்த்தவர்."

"பர்மனென்டா, காண்ட்ராக்டா?"

நெய்வேலியில் அவர் எதுவாக இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அது தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது போல் பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்குச் சுளை நிறுக்கப் போனார். அடுத்த மூன்று நாளில் இந்தக் கேள்வியை என்னிடம் குறைந்தது பத்துப் பேராவது கேட்டார்கள்.

வடலூரில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வள்ளலார் தருமச்சாலையில் சாப்பாடு போடுவார்கள் என்று லாட்ஜ்காரர் சொன்னார். போய் வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. சோறும் சாம்பாரும் பொரியலும் வந்தன. எங்கள் சுரங்கத்து மெஸ்ஸில் அட்டையைத் தேய்த்தால்தான் தட்டே கையில் வரும். கடைசியில் யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள் என்று கை கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

புதன்கிழமை டவுன்ஷிப். ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் வேறு ஊர். நேர் நேரான சாலைகள், இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், நம்பர் போட்ட ப்ளாக்குகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள். எந்தத் தெருவில் போகிறோம் என்று தெரியாமல் ஆட்டோவில் ஒரே வீட்டை மூன்று முறை கடந்தேன். ஆட்டோக்காரர் வேண்டுமென்றே சுற்றுகிறார் என்று முடிவு கட்டி, அவர் திரும்பும் திருப்பங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். நாங்கள் மூன்று முறை கடந்தது மூன்று வேறு வேறு வீடு என்று பிறகு புரிந்தது.

பஜாரில் ஒரு டீக்கடையில் இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கக் காத்திருந்தவர்களிடம் விசாரித்தேன். பேச்சில் மதுரை, தஞ்சாவூர், நாகர்கோவில் எல்லாம் கலந்து வந்தது. ஏழுமலைகள் நிறையப் பேர் இருந்தார்கள். கன்வேயர் ஏழுமலை, கேன்டீன் ஏழுமலை, ரிட்டயர்டு ஏழுமலை.

"ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தவரா?" என்று ஒருவர் கடைசியில் பிடித்தார். "அவர் காண்ட்ராக்ட் ஆச்சே. குவார்ட்டர்ஸ்ல இருக்க மாட்டாரு. அவரோட மச்சான் சேகர் பர்மனென்ட். பத்தொம்பதாவது ப்ளாக்ல கேளுங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சி வருவாரு."

சேகர் மூன்று மணிக்கு வந்தார். ஐம்பது வயது, பெரிய மீசை, சீருடையில் பழுப்பு மண். என்னை உள்ளே உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டு, கடைசியில் "ஐடி கார்டு இருக்குதா சார்?" என்றார். கொடுத்தேன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். இருபது வருடமாக மற்றவர்களை இப்படி நடத்தியவன் நான். நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை.

"மாப்ள மேல ஏதாவது கம்ப்ளெய்ன்ட்டா?"

"இல்லை. ஒரு விவரம் கேட்கணும்."

"விவரம் கேக்க அங்கேருந்து இம்மாந்தூரம் வருவாங்களா சார்?"

நல்ல கேள்வி. பேச்சை மாற்ற, அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். முகம் கொஞ்சம் இளகியது. பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய், வெளியாட்கள் நிற்கக்கூடிய ஒரு மேட்டிலிருந்து சுரங்கத்தைக் காட்டினார். நான் அசந்துபோனேன். எங்கள் குழி ஆழம். இது அகலம். கண்ணுக்கெட்டியவரை செம்மண் படிகள், அவற்றில் ராட்டினம் போன்ற சக்கர இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அடியில் கறுப்புக் கோடாக நிலக்கரி.

"எங்க மண்ணு சொல்லிட்டுத்தான் சார் சரியும்" என்றார் சேகர். "மேல வெடிப்பு வுடும். அடியில பொம்முன்னு உப்பிக்கும். நாங்க மிஷினப் பின்னாடி எடுத்துருவோம். உங்க பாறை எப்படி?"

"சொல்லும். ஆனா ரொம்ப மெதுவாச் சொல்லும். கருவி வெச்சாத்தான் கேட்கும்."

அவர் தலையாட்டினார். திரும்பி வந்ததும் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வர்றாரு மாப்ள. ஒண்டி ஆளுதான். பாத்தா கேஸ் போடற ஆளு மாரி இருக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கையெழுத்துன்னா போடாத."

எனக்கு அது போதும். ஒளிக்க ஒன்றும் இல்லாத ஆளுக்கு இத்தனை முன்னேற்பாடு எதற்கு? லாட்ஜுக்குத் திரும்பும் வழியிலேயே அறிக்கையின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கியது. 'முன்னாள் சர்வேயரின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல.' சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒருவிதமான நிம்மதிகூட வந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

வியாழக்கிழமை காலை சேகர் சொன்ன கிராமத்துக்கு ஆட்டோ பிடித்தேன். போன் காட்டிய வழி நேராகப் போனது. ஓட்டுநர் இடப்பக்கம் திரும்பினார்.

"நேராப் போங்க. மேப்ல ரோடு நேராத்தானே போகுது."

"மேப்ல போகும் சார். அந்த ரோடு இப்ப இல்ல. மைன்ஸ் அந்தாண்டேருந்து இங்க வரைக்கும் வந்துருச்சி."

நம்பாமல் வண்டியை நிறுத்தச் சொல்லி, எதிரே சைக்கிளில் வந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் ஓட்டுநர் சொன்னதையே சொன்னார். இருவரும் கூட்டாளிகளாக இருக்க வாய்ப்புண்டா என்று ஒரு நொடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு ஏறி உட்கார்ந்துவிட்டேன். மீதி வழியில் ஓட்டுநர் என்னோடு பேசவே இல்லை.

ஏழுமலையின் வீடு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. இரண்டு அறைக் காங்கிரீட் வீடு, சுவர் பூசியிருந்தது, மாடிப்படி பாதியில் நின்றிருந்தது. ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர். சுரங்கத்தில் அவரைத் தலைக்கவசத்தோடு தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். வணக்கம் சொல்லி நாற்காலி போட்டார். அவர் மனைவி கலா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டார். முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைப்பவர் என்று பிறகு தெரிந்தது. விரல்களெல்லாம் ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போயிருந்தன. உள்ளே அடுப்பில் பச்சை முந்திரி போட்ட குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை.

நான் என் வழக்கப்படி தூண்டில் போட்டேன். "சாயங்காலம் நாலு மணிக்கு அளவு எடுப்பீங்களே, வெயில் எதிர்ல அடிக்காதா?"

"நாலு மணிக்கு எடுத்ததே இல்ல சார். விடியறப்பதான். வெயில் ஏறிச்சின்னா காத்து நெளியும், அளவு ஆடும். இங்க மைன்ஸ்லயும் அப்டித்தான் பழக்கம்."

"பதினேழாம் நம்பர் கண்ணாடி உடைஞ்ச அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"பதினேழு உடையல சார். பன்னண்டுதான் கல்லு பட்டு உடைஞ்சிது. அன்னைக்கி அந்தக் கட்டத்த வெறுமனே வுட்டுட்டன். ஷீட்ல பாருங்க, காலியா இருக்கும்."

இருந்தது. ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. நான் வைத்த எந்தக் குழியிலும் அவர் விழவில்லை. பொய் எழுதுகிறவன் காலிக் கட்டம் விட மாட்டான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

"அப்புறம் எப்படி ஏழுமலை, பதினாலு மாசம் ஒரு சுவர் அசையாம இருக்கும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். கலா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"அசையலன்னு நான் எப்ப சார் சொன்னன்?" என்றார் ஏழுமலை. "ஷீட்ல கேட்டத எழுதனன். அவ்ளோதான்."

எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து நீல அட்டை போட்ட பாக்கெட் நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். கையில் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கருவிக்கும் சுவருக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வெறும் காற்று. காற்றின் சூடு மாறினால் தூரமும் மாறுவது போல் காட்டும். அதனால் சுவருக்குப் பின்னால், நகரவே நகராது என்று தெரிந்த தரையில் ஒரு கண்ணாடியை நட்டு வைப்போம். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். அந்தக் கண்ணாடி நகர்ந்ததாகக் காட்டினால் அது காற்றின் வேலை என்று எடுத்துக்கொண்டு, அந்த அளவை மற்ற எல்லாக் கண்ணாடியிலிருந்தும் கழித்துவிடுவோம். மேற்குச் சுவரின் ரெஃபரன்ஸ், விளிம்பிலிருந்து இருநூறு தப்படி பின்னால் ஒரு கான்கிரீட் தூணில் இருக்கிறது.

"இங்க மைன்ஸ்ல கிட்ட இருக்கற புள்ளிய நம்ப மாட்டம் சார்" என்றார் ஏழுமலை. "இன்னைக்கி புள்ளி வச்ச எடத்துக்கு ரெண்டு வருஷத்துல மிஷின் வந்து நிக்கும். வெட்டு முன்னாடி வந்துகினே இருக்கும். அதனால தண்ணி டேங்க்கு, சிம்னின்னு எங்கியாவது தூரமா இருக்கறது ஒண்ணப் புடிச்சி, தெனமும் அதயும் ஒரு தடவ பாத்துக்குவம். யாரும் சொல்லித் தர்றதில்ல. பழக்கம். அங்க வந்தப்பவும் கை சும்மா இருக்கல. அந்தக் குன்னு மேல ஒரு டவர் இருக்குதே, அதுக்கடியில பழைய கண்ணாடி ஒண்ண கம்பி போட்டுக் கட்டி வச்சன். தெனமும் கடைசியா அதப் பாப்பன்."

"அதை எதுக்கு ஷீட்ல எழுதல?"

"ஷீட்ல அதுக்குக் கட்டம் இல்லியே சார். காண்ட்ராக்ட் ஆளு இல்லாத கட்டம் போட்டு எழுதனா என்னா சொல்வாங்க?"

நோட்டை நீட்டினார். பென்சிலில் பொடிப் பொடியான எழுத்து. தேதி, டவர், ரெஃபரன்ஸ், இரண்டுக்கும் வித்தியாசம். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். டவர் அதன் இடத்திலேயே நின்றது. ரெஃபரன்ஸ் குழியை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு மாதத்துக்கு ஒரு மயிரிழை. பிறகு ஒரு வாரத்துக்கு. கடைசி நான்கு பக்கங்களில் ஒவ்வொரு நாளும். மொத்தமாக நாலு விரல்கடை நகர்ந்திருந்தது. சுவரும் நகர்ந்தது, சுவருக்குப் பின்னால் இருந்த தரையும் சேர்ந்தே நகர்ந்தது. இரண்டும் ஒரே அளவு வந்ததால் கருவி அதைக் காற்று என்று நினைத்துக் கழித்துவிட்டது. மிச்சம் பூஜ்யம். பதினான்கு மாதமாக நாங்கள் பார்த்தது அந்தப் பூஜ்யத்தைத்தான்.

"இதைத் தெரிஞ்சும் சொல்லாம வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது.

கதவோரம் நின்ற கலா அப்போதுதான் முதன்முதலாகப் பேசினார். "அந்த மெயில காட்டுங்க அவருக்கு."

ஏழுமலை தயங்கினார். "வேணாம் கலா."

"காட்டுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுதான எங்கண்ணன் சொல்லுச்சி. இப்ப கேட்டுட்டாரு இல்ல."

ஊருக்கு வந்து புது சிம் போட்டிருந்த போனைத் தேடி எடுத்து ஏழுமலை கொடுத்தார். எட்டு மாதம் முன்பு ஏழுமலை தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'சார், ரெஃபரன்ஸ் சரியா என்று ஒரு சந்தேகம். டவரோடு பார்த்தால் வித்தியாசம் வருகிறது. ஒருமுறை வந்து பார்ப்பீர்களா.' அதன் கீழே ஏழு நிமிடத்தில் வந்த பதில். 'ரெஃபரன்ஸ் நான் தேர்ந்தெடுத்த இடம். அது நகராது. நீங்கள் சுவரைப் பாருங்கள்.'

கீழே என் பெயர்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. இருபது வருடமாக எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, நான் கை காட்டிய இடத்தின் மேல் மட்டும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அதைவிட வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இங்கே மணி பன்னிரண்டரை. அங்கே காலை ஒன்பது. ஒன்பது பேரும் கீழேதான் இருப்பார்கள். மேலாளரைக் கூப்பிட்டேன்.

"கண்டுபிடித்துவிட்டீர்களா?" என்றார். "பொய்தானே எழுதியிருக்கிறார்?"

"இல்லை. அவர் எழுதியது அத்தனையும் உண்மை. தப்பு ரெஃபரன்ஸில். அது சுவரோடு சேர்ந்து நகர்கிறது. ஆட்களை உடனே மேலே ஏற்றுங்கள். இயந்திரத்தை எடுக்க நிற்க வேண்டாம், விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்."

"உறுதியாகச் சொல்கிறீர்களா? ஒரு நாள் வேலை நின்றால் என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். ஏற்றுங்கள்."

போனை மேஜை மேல் வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் குழம்பு அடி பிடிக்கும் வாசனை வந்தது. கலா போய் அணைத்துவிட்டு வந்தார். குழிக்கு அடியிலிருந்து மேலே வர வண்டியில் இருபத்தைந்து நிமிடம் ஆகும். முப்பத்தைந்து ஆயிற்று. பிறகு செய்தி வந்தது. 'ஒன்பது பேரும் மேலே.' (அந்தச் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: பதினேழு நாள் கழித்து இறங்கியது. அடியில் யாரும் இல்லை.)

"ஒம்பதுல நலேடியும் உண்டா சார்?" என்று கேட்டார் ஏழுமலை.

"யார்?"

"தண்ணி லாரி ஓட்டும் சார் அந்த அம்மா. அது துளை போடற குரூப்ல சேராது. ஆனா அவங்க எங்க எறங்கினாலும் கூட எறங்கும். சின்னக் கல்லு உருள ஆரம்பிச்சா வண்டிய வுட்டுட்டு ஓடிருன்னு அதுகிட்ட சொல்லி வச்சிருந்தன்."

எனக்கு ஒன்பது என்ற எண் தெரியும். அதில் ஒரு பெயர்கூடத் தெரியாது. மறுபடி கூப்பிட்டேன். மேலாளருக்கும் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் யாரையோ கேட்டார், அவர் இன்னொருவரைக் கேட்டார். அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படியே எங்கள் காதில் விழுந்தது. கடைசியில் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். "மேலேதான் இருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவைக் கீழேயே விட வைத்துவிட்டார்கள் என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாளாம்."

ஏழுமலையிடம் சொன்னேன். "அது திட்டும் சார்" என்றார். அப்போதுதான் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். மன்னிப்புக் கேட்டேன். நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். ஊருக்குப் போனதும் முறைப்படி அறிக்கை எழுதுகிறேன், உங்கள் மேல் எந்தப் பழியும் வராது என்றேன்.

கலா கதவை விட்டு நகரவில்லை. "இங்கயே எழுதிட்டுப் போங்க சார்."

"கலா" என்றார் ஏழுமலை.

"நீங்க சும்மா இருங்க. ஊருக்குப் போனப்புறம் யாரு யாரு என்னா சொல்வாங்களோ. இவுரு சொல்றது எனக்கு நம்பிக்க இல்ல. எழுதட்டும்."

அவர் சொன்னதில் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நான்கு வரி எழுதினேன். ஏழுமலை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக மனைவிக்குத் தமிழில் சொன்னார். "சர்வேயர் அளவெல்லாம் சரி... அவுரா வச்ச தனிக் குறிப்பாலதான் ஆபத்து தெரிஞ்சிது... ரெஃபரன்ஸ் புள்ளி தவறான எடத்துல அமைஞ்சிருந்துச்சி..."

"யாரு அமைச்சாங்கன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டார் கலா.

நான் அந்த வரியை அழித்தேன். 'ரெஃபரன்ஸ் இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். அது சரியா என்று சர்வேயர் எழுதிக் கேட்டபோது நான் போய்ப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஏழுமலை அதையும் மெதுவாகத் தமிழில் சொன்னார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்க போனுக்கும் ஒண்ணு வரச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னார் கலா.

மேலாளர் முகவரியோடு ஏழுமலையின் முகவரியையும் சேர்த்து அனுப்பினேன். ஏழுமலையின் போன் சின்னதாக ஒலித்தது. கலா கறுத்த விரல்களால் அதை வாங்கித் திரையைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கணவரிடமே கொடுத்து, "அதேதானா, ஒரு எழுத்து மாறாம இருக்குதா, படிங்க" என்றார். அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தார். அதன் பிறகுதான் கலா உள்ளே போய் எனக்கு ஒரு தட்டு எடுத்துவந்தார்.